ஐந்தில் ஒரு பங்கு குறைவாக

செவ்வாய்க்கிழமை காலை, கெண்ட் நகர அருங்காட்சியகம்.
காவலர் ஃபிர்மின் என் கித்தானை நாடாவால் அளக்கிறார்.
நகல் என்றால் மூலத்தைவிட
ஐந்தில் ஒரு பங்காவது சிறுத்திருக்க வேண்டும்.
சிறுத்திருக்கிறது. பின்புறம் முத்திரை குத்துகிறார்.
தரையில் எண்ணெய் சிந்தக் கூடாது என்கிறார்,
போன வாரமும் சொன்னார்.

எதிரே அவன்.
தலைக்கு மேல் உயர்ந்த வலக்கையில் ஈட்டி,
இடுப்பில் செங்கல் நிறத் துணி,
முகத்தில் எவருக்காகவும் எதுவும் இல்லை.
வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்கிறது சீட்டு.
1806, மாணவர் போட்டிக்கு வந்தது, பரிசில்லை.
அதனால்தான் இவனைத் தேர்ந்தேன்.
பரிசு வாங்கியவர்களின் முன்னால்
எனக்குக் கை ஓடுவதில்லை.

முதல் மாதம் முழுக்கச் சாம்பல் நிறம்.
செத்த வண்ணம் என்பார்கள் இந்த ஊரில்:
ஈய வெள்ளை, கரி, ஒரு துளி பழுப்பு.
உயிர் ஏறாத மெய்,
தலையில் புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறது.
அதன்மேல் பச்சை மண் தடவினேன்.
தோலுக்கு அடியில் பச்சை ஓட வேண்டுமாம்.
ஓடியது.
அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து
மூலத்தின் இடுப்புத் துணியைப் பார்த்துச் சிரித்தார்கள்,
என் நகலைப் பார்த்து அமைதியானார்கள்.

மெலிந்த பூச்சு கீழே, கொழுத்த பூச்சு மேலே.
மாற்றிப் பூசினால் பத்து வருடத்தில் வெடிக்கும்.
நான் மாற்றித்தான் பூசினேன்.
பத்து வருடம் எதற்கு என்று
அன்றைக்கே சுரண்டி எடுத்தேன்.

பிற்பகல்களில் எனக்கு வேறு உடம்புகள்.
துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிய ஓடிலோனுக்கு
இடது தோள் உறைந்துவிட்டது.
சட்டை மாட்ட ஒரு கை போதும் என்கிறார், பிடிவாதமாக.
என் விரல்களுக்குத் தெரியும்:
தானாக உயரும் கையில் தோள்தசை திரண்டு முடிச்சாகும்.
தொங்கும் கையில் அது தளரும்,
தோள்பட்டை காதை நோக்கி ஏறும்,
விலாத்தோல் நீளும்.

ஏழாவது வாரம் தோளுக்கு வந்தேன்.
நிழலை நிழலாக, ஒளியை ஒளியாக வைத்துக்கொண்டே போனபோது
தூரிகைக்கு முன் விரல்கள் சொல்லிவிட்டன:
இவன் கையைத் தூக்கவில்லை.
தொங்குகிறான்.

கிட்டே போனேன். ஃபிர்மின் செருமினார்.
ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் வேளை.
இறுகிய முட்டிக்கு மேலே,
ஈட்டியின் சாய்வோடு சேராமல்,
சட்டத்தின் விளிம்பு வரை நேராக ஒரு கோடு.
கயிறு.
யாரோ ஒரு கூலிக்காரன், குளிர்காலம்,
நாலு மணிநேரம் அப்படியே நிற்க
உத்தரத்திலிருந்து இறக்கிய கயிறு.
மேலே பழுப்பைப் பூசி மறைத்திருக்கிறார்கள்.
இருநூறு வருடத்தில் எண்ணெய் கண்ணாடியாகிவிட்டது.

உடம்பும் மெய்தான், உண்மையும் மெய்தான்.
கையில் இருந்ததை மாற்றிய மாணவனுக்குத்
தோளை மாற்ற மனம் வரவில்லை,
அல்லது தெரியவில்லை.
தெரியாமல் போனதற்காகவே
அவனைக் கொஞ்சம் பிடித்துப்போகிறது எனக்கு.

ஈட்டியை விட்டுவிட்டேன்.
பழுப்பும் வெள்ளையும் குழைத்து
முட்டியிலிருந்து மேலே இழுத்தேன்.
நடுங்கிய ஒரே கோடு.

சாத்தும் நேரத்தில் ஃபிர்மின் வந்து நின்றார்.
"கயிறு அங்கே இல்லையே."
"இருக்கிறது. இந்தப் பக்கம் நின்று பாருங்கள்."
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
வெகுநேரம் கழித்துத் தன் வலக்கையைத்
தலைக்கு மேலே உயர்த்தி அப்படியே வைத்திருந்தார்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இறக்கிவிட்டார்.
"நாலு மணிநேரமா?" என்றார்.

மறுநாள் கதவுக்கு மேல் கப்பி மாட்டிக்
கயிற்றின் ஒரு முனையை ஓடிலோனிடம் தந்தேன்.
"தூக்காதீர்கள். சும்மா பிடித்துத் தொங்குங்கள்."
என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.
என் நகத்தடியில் இன்னும் காயாத பழுப்பு.
அவர் சட்டைக் கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.
டர்பன்டைன் போட்டால் போகும் என்றேன்.